நிலமும் கடலும் நாமும் – 9: சுமாத்திரா ஆடினால் களுவன்கேணிக்கு எவ்வளவு நேரம்?

"ஊர் உலகமெல்லாம் நடுங்குதாம், எரிமலையெல்லாம் எழும்புதாம். நமக்கும் வருமா தம்பி?"

செங்கலடிச் சந்தியில், பதுளை வீதி பிரியும் இடத்தில், இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரு முதியவர். அவருடைய பேரன் கைபேசியில் காட்டிய காணொளி அவரை உலுக்கியிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. 2025 மார்ச்சில் மியன்மார் 7.7 அளவில் ஆடியது. யூலை 30ஆம் திகதி ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8. சில நாட்களில் அதே கம்சட்காவில் பல நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்த கிராஷெனின்னிகோவ் எரிமலை வெடித்தது. நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அது வெடித்ததாகப் பதிவே இல்லை. அதன் சாம்பல் செங்கடலைத் தாண்டி வட இந்திய வானம் வரை வந்து விமானங்களை நிறுத்தியது. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கைபேசியில் பார்க்கிற யாருக்கும் பூமிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும்.

எண்ணிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நீண்டகாலக் கணக்குப்படி, 7 அளவும் அதற்கு மேலுமான பெரிய நிலநடுக்கங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 16 வரும். அவற்றில் ஒன்று 8ஐத் தாண்டியதாக இருக்கும். 2010இல் இருபதுக்கும் மேல் வந்தன; 1989இல் ஆறோ ஏழோதான். 2024உம் சராசரிக்குக் குறைந்த ஆண்டே. ஏறுவதும் இறங்குவதும் உண்டு, ஏறிக்கொண்டே போகும் கோடு இல்லை. எரிமலைகளும் அப்படித்தான். உலகில் எந்த நாளை எடுத்தாலும் நாற்பது, ஐம்பது எரிமலைகள் ஏதோ ஒரு வகையில் கக்கிக்கொண்டிருக்கும். நாம் சித்திரைக்குப் பலகாரம் சுடும் நாளிலும் அப்படித்தான்.

கூடியிருப்பது கருவிகளும் செய்தியும். 1931இல் உலகம் முழுவதற்கும் சுமார் 350 நிலநடுக்கப் பதிவு நிலையங்கள் இருந்தன. இப்போது பல ஆயிரம். அதனால் ஆண்டுக்கு இருபதாயிரம் அளவில் நடுக்கங்களை இடம் குறித்துப் பதிகிறார்கள், நாளுக்கு ஐம்பதுக்கும் மேல். முன்பு யாரும் அறியாமல் போன சிறு அதிர்வெல்லாம் இன்று பட்டியலில் ஏறுகிறது. எரிமலைப் பதிவேடுகளில் இதற்கு இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. இரண்டு உலகப் போர்களின் காலத்திலும் பதிவான வெடிப்புகளின் எண்ணிக்கை சட்டென்று குறைகிறது. மனிதர் சண்டையிட்டார்கள் என்பதற்காக எரிமலைகள் ஓயவில்லை. பார்த்து எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான்.

என் தலைமுறைக்கு இந்த மயக்கம் கூடுதலாக ஏற்பட வேறொரு காரணமும் உண்டு. 1952இல் கம்சட்காவில் 9.0, 1960இல் சிலியில் 9.5, 1964இல் அலாஸ்காவில் 9.2 என்று பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று இராட்சத நடுக்கங்கள் வந்தன. பிறகு நாற்பது ஆண்டுகள் 9ஐத் தொட்ட நடுக்கம் உலகில் எங்கும் இல்லை. அந்த நாற்பது ஆண்டுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த அமைதியையே பூமியின் இயல்பு என்று எடுத்துக்கொண்டோம். 2004இல் சுமாத்திரா, 2010இல் சிலி, 2011இல் யப்பான் என்று வந்தபோது உலகம் மாறிவிட்டதாகத் தோன்றியது. இந்தத் திரட்சிகளைக் கணித முறைப்படி சோதித்தவர்கள், தற்செயலாகவே இப்படிக் கூடி வரலாம், கூடிக் குறையலாம் என்றே முடித்தார்கள்.

சாவு கூடுவது மட்டும் உண்மையான கவலை. 2023 பெப்ரவரியில் துருக்கியிலும் சிரியாவிலும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது இடிந்து விழுந்த அடுக்குமாடிகள். பிளவுக் கோடுகளின் மேல் நகரங்கள் பெருத்துவிட்டன, கட்டடங்களுக்கு விதித்த சட்டங்கள் தாளில் தூங்குகின்றன.

இனி நம் காலடிக்கு வருவோம். இலங்கையில் எரிமலை இல்லை. மட்டக்களப்பு மாவட்டம் உட்கார்ந்திருக்கும் பாறையை நிலவியலாளர் விஜயன் தொகுதி என்பார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்து இறுகிய பழம் பாறை அது. ஆனால் செங்கலடியில் இருந்து பதுளை வீதி வழியே கறுத்தப்பாலம் தாண்டி, கரடியனாறு தாண்டி மேற்கே போனால் மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் வருகின்றன. கை வைக்க முடியாத சூடு. "கீழே நெருப்பு இருக்கு" என்று அங்கு போய் வந்தவர்கள் சொல்வார்கள். திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கும் இதே பேச்சு உண்டு. தாயின் ஈமக் கடனுக்காக இராவணன் வாளால் குத்தித் திறந்தவை அவை என்பது நம்மவர் வழிவழியாகச் சொல்லும் கதை. நெருப்பு இல்லை. மழைநீர் பாறைப் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீற்றர் இறங்கினால் இருபத்தைந்து, முப்பது பாகை சூடு ஏறும். அப்படிச் சூடேறிய நீர் வேறொரு பிளவு வழியே மேலே வருகிறது. நம் நாட்டின் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும், நடு மலைநாட்டுப் பாறையும் கிழக்குப் பாறையும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன. அந்தச் சந்திப்பு பழைய தழும்பு, இன்று கொதிக்கும் வாய் அல்ல.

நிலநடுக்கம் அறவே வராது என்று சொல்ல மாட்டேன். 1615இல் கொழும்பைப் பெரும் நடுக்கம் தாக்கியதாகப் போர்த்துக்கீசர் காலக் குறிப்பு உண்டு. 2020இல் கண்டி விக்டோரியா அணைப் பக்கத்திலும், 2023இல் புத்தல, வெல்லவாயப் பக்கத்திலும் சிறு அதிர்வுகள் வந்தன. பாத்திரம் அதிர்ந்தது, சுவரில் கீறல் விழுந்தது. நம் பக்கத்துக்கு ஆபத்து வருவது கடல் வழியாக. அதுவும் ஆயிரம் மைல் கிழக்கே இருந்து.

1883 ஓகஸ்ட் 27ஆம் திகதி, சாவகத்துக்கும் சுமாத்திராவுக்கும் இடையில் கிரக்கத்தோவா எரிமலை தன்னையே பிளந்துகொண்டு வெடித்தது. அங்கே முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். கடல் கடந்து இலங்கையின் கரைக்கும் அலை வந்தது. பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையில் ஒரு பெண் அந்த அலையில் அகப்பட்டு இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அவருடைய பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. சில நாட்கள் கழித்து, செப்டெம்பரில், இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. மேலே மிதந்த எரிமலைத் தூசியின் வேலை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அதைக் கருவி வைத்து ஆராய்ந்து எழுதினார். கொடைக்கானல் வான் ஆய்வுக்கூடத்தைப் பின்னர் நிறுவியவரும் அவரே. எங்கள் கிழக்குக் கரைக்கு அந்த வெடிப்பு விட்டுச் சென்ற எச்சரிக்கையை மட்டும் யாரும் எடுத்து வைக்கவில்லை. நூற்றிருபத்தொரு ஆண்டுகள் கழிந்தன.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், நத்தாருக்கு மறுநாள். அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58க்கு சுமாத்திராவின் வடமேற்கே கடலடித் தட்டு பிளக்கத் தொடங்கியது. பிளவு வடக்கே அந்தமான் வரை ஆயிரத்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. ஓடி முடிக்கப் பத்து நிமிடம் வரை எடுத்தது. அளவு 9.1. அந்த நேரத்தில் களுவன்கேணியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். தேவாலயத்துக்குப் போகப் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். கண்டிப் பக்கம் பல்லேகலையில் இருந்த கருவி அந்த நடுக்கத்தைப் பதிந்தது. அதைப் பார்த்து, பொருள் கண்டு, கரைக்குச் சொல்ல ஒரு ஏற்பாடு நாட்டில் இருக்கவில்லை. ஆழ்கடலில் மணிக்கு எழுநூறு, எண்ணூறு கிலோமீற்றர் வேகத்தில் அலை வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நமக்கு இருந்தது. அவ்வளவு நேரமும் வீணாகப் போனது.

இதை எழுதும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நாட்டில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் முப்பத்தையாயிரத்துக்கும் மேல். ஒன்றரை மணி நேரத்தில் களுவன்கேணிக் கரையில் இருந்து கைக்குழந்தையோடு நடந்தாலும் செங்கலடிக்கு வந்து சேரலாம். நாவலடியிலோ கல்லடியிலோ இருந்தாலும் வாவி கடந்து உள்ளே வர நேரம் இருந்தது.

இந்த இடத்தில் எல்லோரும் அறிய வேண்டிய ஒன்று உண்டு. கடல் முதலில் உள்வாங்கும், அதைக் கண்டு ஓடலாம் என்று பலர் நம்புகிறார்கள். தாய்லாந்தில் அப்படி நடந்தது. நம் கரையில் முதலில் ஏறி வந்தது அலைதான். தட்டு உயர்ந்த பக்கம் மேற்கே நம்மை நோக்கி இருந்தது. தாழ்ந்த பக்கம் தாய்லாந்தை நோக்கி இருந்தது. அதனால் அவர்களுக்குக் கடல் இறங்கியது, நமக்கு ஏறியது. சுமாத்திராவில் இனி இதே வகை நடுக்கம் வந்தாலும் நமக்கு இப்படியே நடக்கக்கூடும். உள்வாங்குவதைக் கண்டால் ஓட வேண்டியதுதான், ஆனால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. நிலம் ஆடும், அதை உணர்ந்து ஓடலாம் என்றும் காத்திருக்க முடியாது, அவ்வளவு தூரத்து ஆட்டம் நம் காலுக்குத் தெரியாமலே போகலாம். ஆக, கிழக்குக் கரைக்கு நம்பத் தகுந்த அறிகுறி வெளியில் இருந்து வரும் தகவல் ஒன்றே.

சுமாத்திராவுக்கு அருகிலுள்ள சிமேலு தீவு மக்களின் நிலை வேறு. அவர்களுக்கு ஆட்டம் காலடியில். 1907இல் பட்ட அழிவைப் பாட்டாகவும் கதையாகவும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் நிலம் ஆடியதும் எவரும் எவரையும் கேட்காமல் மலைக்கு ஏறினார்கள். எழுபத்தெட்டாயிரம் பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

2012 ஏப்ரல் 11, புத்தாண்டுக்கு முந்திய நாட்கள். சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுக்கம், இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று 8.2. எச்சரிக்கை வந்ததும் கரையோரம் முழுவதும் மக்கள் உள்ளே ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை, தட்டுகள் பக்கவாட்டில் வழுக்கியதால் கடல் தூக்கப்படவில்லை. "சும்மா ஓட விட்டாங்க" என்று பிறகு சிலர் சொன்னார்கள். அந்த ஓட்டத்தை நான் வெற்றி என்பேன். தகவல் வந்தது, மக்கள் நம்பினார்கள், உயிர் பிழைக்கும் வழியில் கால் வைத்தார்கள்.

இன்று இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு உண்டு. இந்தியாவின் ஐதராபாத்தில் இருந்தும், இந்தோனேசியா, அவுஸ்திரேலியாவில் இருந்தும் நடுக்கம் வந்த சில நிமிடங்களில் தகவல் கொழும்புக்கு வரும். பலவீனம் கொழும்பில் இருந்து களுவன்கேணிக்கு வரும் வழியில் இருக்கிறது. 2004க்குப் பிறகு கரையோரம் நட்ட எச்சரிக்கைக் கோபுரங்கள் பல பழுதாகிக் கிடப்பதாகச் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. உப்புக் காற்றில் நிற்கும் கருவிக்குப் பராமரிப்பு வேண்டும், பணம் வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்கும் மக்கள் வேண்டும். கம்சட்கா எரிமலைக் காணொளியை நூறு பேருக்கு அனுப்புகிற நாம், நம் கரையின் கோபுரம் வேலை செய்கிறதா என்று பிரதேச செயலகத்தில் ஒரு தடவை கேட்டிருக்கிறோமா?

அந்த முதியவருக்கு நான் சொன்ன பதில் சிறியது. எரிமலை நமக்கு வராது ஐயா. கடல் வரலாம், வந்தால் நேரம் இருக்கும். களுவன்கேணி, தளவாய், சவுக்கடி, புன்னைக்குடாப் பக்கம் வீடு உள்ள வாசகர்களிடம் இன்னும் கொஞ்சம் கேட்கிறேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். இந்த டிசம்பர் 26ஆம் திகதி விளக்கேற்றி முடித்த கையோடு, வீட்டில் நடக்க முடியாத மூத்தவரையும் சைக்கிளிலோ ஓட்டோவிலோ ஏற்றி, எல்லோருமாக மேட்டு நிலம் வரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதி வைத்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் அந்தத் தாளைக் கொடுங்கள்.

(தொடரும்)