காகம் கற்பிக்கும் பாடம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர்மலையின் அடிவாரத்தில் உள்ளது போனக்காடு. தேயிலைத் தோட்டவேலைக்கென அங்குக் குடியேறிய தமிழரின் வழிவந்தோர், தொழில் நலிந்த பின்னும் லயங்களில் வாழ்கின்றனர். அவர்தம் மழலைகள் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் கேட்டு வளர்கின்றனர். மலையாளம் அவர்களுக்கு இன்றியமையாதது. எனினும் பாட்டியின் மொழி பேரனுக்கு அயன்மொழி ஆகலாமோ?

இதற்கு எளிய வழி கதையே. 1920இல் பவநகரில் பாலமந்திர் என்னும் மழலைப் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா, கதையைக் கல்வியின் சிறந்த கருவியாகப் போற்றினார்.

தாகமுற்ற காகத்தின் கதையைப் படம் காட்டிச் சொல்லுங்கள். பின்னர் ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிக்குமேல் நீர் ஊற்றி, குழந்தையைக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக இடச் செய்யுங்கள். ஒன்று, இரண்டு என எண்ணட்டும். நீர் ஏறுவதைக் கண்டு மகிழட்டும். நீர் மிகக் குறைவாயின் கற்களின் இடுக்கிலேயே தங்கிவிடும், மேலே வாராது. அதனையும் செய்து காட்டி, 'ஏன்?' எனக் கேளுங்கள். கற்கள் வாயில் போட இயலாத அளவினவாக இருத்தல் வேண்டும். அருகில் பெரியோர் ஒருவர் அமர்தலும் வேண்டும்.

மறுநாள், அகத்தியரின் கமண்டலத்தைக் காகம் கவிழ்க்கக் காவிரி பெருகிய கதையைச் சொல்லுங்கள். சன்னலுக்கு வெளியே அகத்தியரின் மலையையே காட்டலாம். பின்பு குழந்தையே கதை சொல்லட்டும். பிழை திருத்த விரையாதீர்கள். தமிழில் சொல்ல வாய் திறந்ததே பெரும்பேறு.