போர்டுல 'லிமிடெட்'... பொறுப்பு?

"பிரைவேட் லிமிடெட் கம்பெனிடா மாப்ள, நம்பி வாங்கலாம்!" புதுக்கோட்டையில் ஃப்ளாட் தேடும் மாமா சொன்னதும், சிவில் படிக்கிற எனக்குப் பகீர்!

அந்த 'லிமிடெட்' பங்குதாரர்களுக்குத்தான் பாதுகாப்பு. கம்பெனி கடனுக்கு அவங்க சொந்தச் சொத்தைத் தொட முடியாது. வீடு வாங்குறவருக்கு அது உத்தரவாதம் இல்லீங்க.

அப்போ கட்டடம் விழுந்தா? 2014 ஜூன் 28, சென்னை மவுலிவாக்கம். 11 மாடி சரிந்து 61 பேர் பலி. கட்டியது கம்பெனி. கைதானது அதன் இயக்குநர்களும் இன்ஜினீயர்களும்! அலட்சியத்தால் உயிர் போனால், போர்டுக்குப் பின்னால் ஒளிய முடியாது.

2016 ரியல் எஸ்டேட் சட்டத்தில், ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் இலவசமாகச் சரிசெய்யணும். சட்டத்தை மீறினால், கம்பெனியோடு பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளி. ஆனா, கம்பெனி கஜானா காலின்னா நஷ்டஈடு வாங்குறது குதிரைக்கொம்புதான்!

மாமா இப்போ போர்டைப் பார்க்கிறதில்லை. 'ரெரா' பதிவு எண்ணையும் டைரக்டர்கள் பேரையும்தான் கேட்கிறார்!