புது ஈ என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கறிக்கடைக்காரருக்குக் கறி வெட்ட ஒரு கை, ஈ ஓட்ட ஒரு கை. அந்த ஈக்களில் சிலது வீட்டு ஈயைவிடப் பெரிசு. சாம்பல் முதுகில் மூன்று கறுப்புக் கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம், சிவந்த கண். இதுதான் சதை ஈ. உலகில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை இதே சீருடையில்தான் திரிகின்றன. இதில் ஒன்றைப் பிடித்து, 'இது அறிவியலுக்கே புதுசு' என்று எப்படிச் சொல்வது?

விடை ஆண் ஈயின் வால்முனையில் இருக்கிறது. ஈ காய்ந்து விறைப்பதற்குள், பிறப்புறுப்பை நுண்ணிய ஊசியால் வெளியே இழுத்து வைக்க வேண்டும். பிறகு வால்பகுதியை வெட்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் சதை கரைந்து, கெட்டியான பழுப்பு ஓடு மிஞ்சும். நுண்ணோக்கியில் பார்த்தால் கொக்கி, முள், தகடு எல்லாம் தெரியும். இனத்துக்கு இனம் மாறுவது இந்த வடிவம்தான். பெண் ஈ மட்டும் சிக்கினால் நிபுணர்களே கையை விரித்துவிடுவதுண்டு. டி.என்.ஏ. சோதனை உதவும்; ஆனால் அதுவும் ஒப்பிட்டுப் பார்க்க, சரியாகப் பெயரிட்ட மாதிரி வேண்டும்.

அதைவிடப் பெரிய வேலை பழைய ஏடுகளைப் புரட்டுவது. இலங்கை மாத்தளையில் இருந்த ரொனால்ட் சீனியர்-ஒயிட், கீழைநாட்டுச் சதை ஈக்களை ஆராய்ந்து 1924-இல் பெரிய கட்டுரை எழுதினார். அதில் அவர் புதிதென்று பெயரிட்ட 'ஓரியென்டலாய்டிஸ்', வீடமன் என்பவர் 1830-லேயே பெயர் சூட்டிவிட்ட 'பிரின்செப்ஸ்' தான் என்று பின்னால் தெரிந்தது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி, புதுப்பெயர் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த ஈ அடங்கும் பிரிவுக்கு ரஷ்யரான ரோடென்டார்ஃப் 1937-இல் 'சீனியர்ஒயிட்டியா' என்று பெயர் வைத்தார். ஆள் சூட்டிய பெயர் போய், ஆளின் பெயர் ஈயோடு ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் இன்று இந்த வேலையில் இறங்குகிறவர், இந்திய விலங்கியல் ஆய்வகம் 2002-இல் வெளியிட்ட பி.சி. நந்தியின் சதை ஈத் தொகுதியையும் தாண்டியாக வேண்டும்.

தாண்டினால் விவரிப்பும் படங்களும் அச்சேற வேண்டும். ஒரே ஒரு ஈயை மூல மாதிரியாகக் குறித்து, ஊரும் தேதியும் எழுதிய சீட்டோடு அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். நாளைக்குச் சந்தேகம் வந்தால் அந்த ஈதான் சாட்சி.

ஒரு ஈக்கு இத்தனை பாடா? கொலை வழக்கில் கேட்டுப் பாருங்கள். பிணத்தில் நெளியும் புழுவின் வயதை வைத்து இறந்த நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். நீல ஈ முட்டையிடும். அது பொரிக்க அரை நாளோ ஒரு நாளோ ஆகும். சதை ஈ நேரே புழுவையே ஈனும். புழு வளரும் வேகமும் இனத்துக்கு இனம் வேறு. இனத்தைத் தப்பாகச் சொன்னால் மணிக்கணக்கும் தப்பும்.

புதுசு கிடைக்க வேண்டுமென்றால் கறிக்கடையில் மட்டும் வலை வீசிப் பயனில்லை என்பது என் எண்ணம். சதை ஈக்களில் வெட்டுக்கிளியின் உடலுக்குள் வளர்பவை உண்டு. நத்தையைத் தின்பவை, குளவிக் கூட்டில் திருடித் தின்பவையும் உண்டு. திண்டிவனத்து மணிலாக் கொல்லைகளிலும் கழுவேலி ஏரிக் கரையிலும் இவற்றைத் தேட, வெட்டுக்கிளியையும் நத்தையையும் பிடித்துவந்து கண்ணாடிச் சாடியில் வைத்து, என்ன வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும்.