செஞ்சிச் சமையற்கட்டில் ரிசோட்டோ

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் அடிவாரத்தே நிற்கும் பெருங்களஞ்சியங்களைக் கண்டவர்க்கு, இவ்வூரின் ஜீவன் நெல்லில் இருந்ததென்பதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் மூட்டைகள் வந்திறங்கும் காட்சி இன்றும் அதற்குச் சாட்சி. நெல்லின் உறவு நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி என்றதும் கோதுமைப் பண்டங்களையே நினைக்கும் நாம், அத்தேசத்தின் வடபகுதியில், போ நதியின் சமவெளியில், பதினைந்தாம் நூற்றாண்டு முதலே நெல் பயிராகி வருவதையும், அங்குள்ள இல்லங்களில் ரிசோட்டோ என்னும் அரிசி உணவு விசேஷ மதிப்புப் பெற்றிருப்பதையும் அறிதல் நலம். இத்தாலியரான நம் வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த காஸ்திலியோனே என்னும் ஊர் மாந்துவா வட்டாரத்தது. அவ்வட்டாரமும் நெல் விளையும் பூமியே.

ரிசோட்டோவின் சூட்சுமம் முழுவதும் மாச்சத்தில் அடங்கியது. அரிசியின் மாச்சத்து அமைலோஸ், அமைலோபெக்டின் என இருவகைப்படும். பின்னது மிகுந்த அர்போரியோ முதலிய அரிசிகளே கொதியில் மாவை வெளியிட்டு, மணி குலையாமல், பாயசம் போன்ற கொழகொழப்பைத் தருவன. நாம் அன்றாடம் வடிக்கும் புழுங்கலரிசி இதற்கு உதவாது. நெல்லை அவித்து உலர்த்தும்போதே மாவு உள்ளே இறுகிவிடுவதால், எத்துணைக் கிளறினும் அது வெளிப்படுவதில்லை. பொங்கலுக்கு நாம் விரும்பும் குட்டையான புதுப் பச்சரிசி ஓரளவு பொருந்தும். ஆயின் அதைப் புடைத்துக் கல் நீக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். களைந்தால், நமக்கு வேண்டிய மேல்மாவு கழுநீரோடு போய்விடும்.

நால்வருக்கு முந்நூறு கிராம் அரிசி போதும். வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, அரிசியையும் இட்டுச் சூடேறும்வரை புரட்டி, பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கும் காய்கறிச் சாற்றை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, முன் ஊற்றியது சுவறிய பின்னரே அடுத்ததைச் சேர்த்து, இடையறாது கிளறிவர, ஏறத்தாழ பதினெட்டு நிமிஷத்தில் அரிசி பதமாகும். மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து மாவைக் கரைப்பதற்கே இக்கிளறல். ஆறிய சாற்றை ஊற்றினால் கொதி தடைப்பட்டு வேக்காடு கெடும். இறக்கியபின் குளிர்ந்த வெண்ணெயும் துருவிய பர்மேசான் பாலாடைக்கட்டியும் சேர்த்து வேகமாகக் கலக்க வேண்டும். பர்மேசான் கன்றுக்குட்டியின் இரைப்பைச் சாற்றால் உறையிடப்படுவதாகையால், சைவ உணவினர் தாவர உறை கொண்ட வேறு பாலாடைக்கட்டியைக் கேட்டு வாங்குவது உசிதம். குங்குமப்பூ சேர்ப்பது மிலான் நகர வழக்கம்.

இதே அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, சர்க்கரை, முட்டை, பாதாம் கூட்டிச் சுட்டெடுக்கும் இனிப்பு பொலோனியா நகருக்குரியது. ஆறி இறுகிய ரிசோட்டோவை உருட்டி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால், சிசிலித் தீவின் அரஞ்சினியை ஒத்த பலகாரம் ஆகும்.

முதன்முதல் செய்து பார்ப்பவர் விருந்து நாளைத் தேர்ந்தெடுக்காமல், ஓய்வான ஒரு மாலையில் ஓர் ஆழாக்கு அரிசியோடு தொடங்குக. இறக்கியதும் உடனே பரிமாறுக.