பெருகிய ஆற்றின் கரையிலே

அகண்ட காவிரியாக வந்து, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, ஸ்ரீரங்கத் தீவை அணைத்தபடி திருச்சிராப்பள்ளியைக் கடக்கும் காவிரி, ஆடி பதினெட்டாம் நாளன்று கரை கொள்ளாத பிரவாகமாய் ஓடும்போது, அந்த வளத்தை வரவேற்க நம் முன்னோர் தேர்ந்த விருந்து, புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்னும் எளிய சித்திரான்னங்களே என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்க விஷயம்.

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் அன்று காலை முதலே நிற்க இடமிராது. ஈரப் படியில் ஒரு சாண் இடத்தைக் கழுவி, மஞ்சளில் பிள்ளையார் பிடித்துவைத்து, வாழையிலையில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் பழமும் பரப்பிக் கற்பூரம் காட்டி, அவற்றை ஆற்றுக்கு அளித்தபின், பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிறார்கள். பிறகுதான் தூக்குகள் திறக்கின்றன. விடியலில் கிளறிய புளியோதரை, புளிக்காய்ச்சலும் நல்லெண்ணெயும் பருக்கைதோறும் ஊற ஊற ருசி ஏறி, பக்கத்துக் குடும்பத்தின் இலைக்கும் போய்ச் சேருகிறது.

கைப்பேசியைத் தொட்டவுடன் பதார்த்தம் வாசலுக்கு வரும் இந்நாளில், கிடைக்காத பண்டம் அரிது. கிடைத்ததில் மனம் நிலைப்பதோ அதனினும் அரிது. எந்தச் சுகமும் பழகப் பழக மங்கும், மனம் அடுத்ததைத் தேடி ஓடும் என்று பிரிக்மன், காம்ப்பெல் என்னும் உளவியல் அறிஞர்கள் 1971-இல் எடுத்துரைத்தார்கள். அந்த ஓட்டத்தைத் தணிக்க வல்லவை பருவமும், காத்திருத்தலும், பகிர்தலும். காத்திருத்தலைக் காவிரியே கற்பிக்கிறது: 1934 முதல் மேட்டூர் அணையின் கதவுகளே காவிரியின் வரவை நிர்ணயிப்பதால், வழக்கமான திறப்பு நாளாகிய ஜூன் 12 நெருங்கும்போதே நீர்மட்டச் செய்தியில் இவ்வூராரின் கவனம் குவிகிறது. தண்ணீர் வராத ஆண்டில் குழாயடியில் பூஜையை முடித்தவர்களுக்கே நிறைந்த ஆற்றின் அருமை பூரணமாக விளங்கும்.

ஏழு பிராகாரங்களும், 1987-இல் நிறைவுற்ற 236 அடி ராஜகோபுரமும் கொண்ட ஸ்ரீரங்கப் பெருங்கோயிலின் உற்சவரான நம்பெருமாளே, ஆடியில் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, நதிக்கரையில் வீற்றிருந்து, காவிரித் தாயாருக்குப் பட்டும் மாலையும் சீராக அளிக்கும் சம்பிரதாயம், ஐசுவரியத்துக்கும் எளிய இன்பத்துக்கும் பகையில்லை என்பதைத் தெளிவாக்குகிறது.

செல்வம் பெருகியது குற்றமன்று. அனுபவிக்கும் சக்தி அதனோடு பெருகாததே குறை. ஒரு பண்டத்தை அதன் பருவம் வரும்வரை நாடாதிருந்து, வந்தபின் நாலு பேரோடு அமர்ந்து நிதானமாக உண்ணும் பழக்கத்தை நம் குழந்தைகளுக்குக் கொடுப்போமாயின், அதைவிடப் பெரிய ஆஸ்தி வேறொன்றை அவர்களுக்கு நாம் தேடிவைக்க வேண்டியதில்லை.