புதுச்சேரியில் நாட்டு வெடிகுண்டு வன்முறை

புதுச்சேரியில் ரௌடிக் கும்பல்களின் மோதல் என்றாலே துப்பாக்கி அல்ல, நாட்டு வெடிகுண்டும் அரிவாளுமே நினைவுக்கு வரும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் 2019 திருத்தத்தால் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. நாட்டு வெடிகுண்டுக்கோ உரிமமும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. பட்டாசு மருந்தைக் கொண்டு மறைவாகச் செய்யப்படுவதால் தடம் பிடிப்பது கடினம். முதலில் குண்டை வீசி, நிலைகுலைந்தவரை அரிவாளால் வெட்டுவது இக்கும்பல்களின் வழக்கம். முன்னாள் சபாநாயகர் வி. எம். சி. சிவக்குமார் 2017 சனவரியில் காரைக்கால் அருகே நிரவியில் குண்டு வீசி வெட்டிக் கொல்லப்பட்டார்.

இத்தகைய கொலைகளுக்குச் செய்திகளில் ‘முன்விரோதம்’ என்று ஒரே சொல்லில் காரணம் முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லுக்கு அடியில் மனைத் தகராறு, தொழிற்சாலைப் பழைய இரும்பு ஒப்பந்தம், மாமூல் போன்றவை கிடக்கும். நிலவமைப்பும் குற்றவாளிகளுக்கு உதவுகிறது: புதுச்சேரிப் பகுதி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கிடையே துண்டுதுண்டாக இருப்பதால், சில இடங்களில் சாலையைக் கடந்தாலே தமிழகக் காவல் எல்லை.

1908-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் ஆயுள் தண்டனைக்கும் வழிசெய்கிறது. ஆனால் மாவட்ட நடுவரின் (மாவட்ட ஆட்சியரின்) இசைவின்றி நீதிமன்ற விசாரணையைத் தொடங்க இயலாது. தொடர் குற்றவாளிகளைத் தடுப்புக் காவலில் வைக்க 2008-இல் புதுச்சேரி தனிச் சட்டம் இயற்றியது. குண்டு செய்யும்போதே வெடித்துக் காயமடைந்தவர்களும் உண்டு.