‘நோபடி’ என்பான் யாவன்?

சென்ற கோடை விடுமுறையில் எம் விடுதித் தோழரொருவருடன் அவர்தம் ஊருக்குச் சென்றிருந்தோம். அவருடைய பாட்டனார் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர், எண்பதை அணுகியவர், அயல்நாட்டில் வாழும் தம் மக்களோடும் பழைய மாணவர் சிலரோடும் பல்லாண்டாக மின்னஞ்சல் வாயிலாகக் கடிதப் போக்குவரத்து நடத்தி வருபவர். கைப்பேசியில் வரும் துண்டுச் செய்திகளைக் கடிதமென அவர் ஒப்புவதில்லை. அவரது கணினி தளர்ந்துவிட்டமையால் புதியதொன்று வாங்கப்பட்டது. பழையதிலுள்ள கடிதங்களைப் புதியதற்கு மாற்றித் தரும் பணி எம்பால் வந்தது. யாம் தமிழ் மாணவர். தோழர் பொருளியல் மாணவர். இருவர்க்கும் கணினியிற் பெரும் பயிற்சி இல்லை. எனினும் இளைஞர் என்பதொன்றே அவ்வீட்டாரால் போதிய தகுதியாகக் கொள்ளப்பட்டது.

பாட்டனார் வழங்கி வந்தது தண்டர்பேர்டு என்னும் அஞ்சற் செயலி. மோசில்லா அமைப்பினர் ஆக்கி, 2004 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் முதற் பதிப்பாக வெளியிட்ட இச்செயலி விலையின்றிக் கிடைப்பது. நாம் ஆணையிட்டவாறு கடிதங்களை நம் கணினிக்கே கொணர்ந்து இஃது அடுக்கி வைக்கும். அவ்வடுக்கும், நம் பெயர், முகவரி, கடிதம் செல்லும் வழி, வரும் வழி முதலிய குறிப்புகளும் கூடிய கோப்புறையைப் ‘புரொஃபைல்’ என்பர். யாம் அதனைப் பயனர் சுவடி என்று வழங்குவோம். குறிப்புகளுட் பெரும்பாலன ‘பிரெஃப்ஸ்.ஜேஎஸ்’ என்னும் ஒரே கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டுள்ளன. அவற்றைச் செயலிக்குள்ளிருந்தே காண விரும்புவோர், அமைப்புகள் பக்கத்தின் அடியிலுள்ள ‘கான்ஃபிக் எடிட்டர்’ என்னும் பொத்தானை அழுத்திக் காணலாம். யாமும் அவ்வாறே கண்டோம்.

கண்டவிடத்தே தொல்லை தொடங்கிற்று. அனுப்பிய கடிதங்களின் படி எங்கே வைக்கப்படுகின்றது எனத் தேடியபோது, ‘மெயில்பாக்ஸ்://நோபடி@லோக்கல்%20ஃபோல்டர்ஸ்/சென்ட்’ என்றொரு வரி தோன்றிற்று. (ஆங்கில எழுத்தில் உள்ளனவற்றை ஈண்டுத் தமிழெழுத்தாற் பெயர்த்தெழுதுகின்றோம்.) எம் பின்னே நின்று கண்ணாடியைச் சரிசெய்து பார்த்த பாட்டனார், “தம்பி, யார் இந்த நோபடி? நான் எழுதுகிற கடிதமெல்லாம் இவனுக்கா போகிறது?” என்று வினவினார். அவர் முகம் வாடிற்று. பொருள் கவர்வாரைப் பற்றி நாள்தோறும் செய்தித்தாளிற் படிப்பவர்க்கு அவ்வையம் எழுவது இயல்பே. தோழரோ, “தாத்தா, கவலைப்படாதீர்கள், இப்போதே அழித்து விடுகிறேன்” என்று கையை நீட்டினார். ஒருநாள் பொறுக்குமாறு யாம் வேண்டினோம். அறிவினால் வேண்டியதன்று, அச்சத்தினால் வேண்டியதே. அவ்வொரு நாளிற் கற்றவற்றை இங்கு எழுதுகின்றோம்.

முதற்கண் அவ்வரிகளைப் படிக்கும் முறை. ‘மெயில்.ஐடென்டிட்டி.ஐடி2.ஃபுல்நேம்’ என்பது ஒரு பதிவின் பெயர். இடையில் நிற்கும் புள்ளிகளே அஞ்சுவிப்பன. தமிழ் மாணவர்க்கு அவை அயலானவையல்ல. ஆறாம் வேற்றுமையுருபு தொக்கு நிற்குமிடங்கள் எனக் கொண்டாற் போதும். அஞ்சலினது அடையாளங்களுள் இரண்டாவதனது முழுப்பெயர் என விரியும். உடையது முன்னும் உடைமை பின்னும் வருதலின், இவ்வரிகள் ஆங்கில நடையினும் தமிழ் நடைக்கே அணுக்கமானவை என்று கூறவும் துணிவோம்.

இனி, அஞ்சற்கணக்கு ஒன்று என நாம் எண்ணுவது உண்மையில் ஒன்றன்று. ‘அக்கவுண்ட்’ என்பது வெறும் முடிச்சு. தனக்கென யாதும் உடையதன்று. அது ‘சர்வர்’ எனப்படும் வரும்வழி ஒன்றனையும், ‘ஐடென்டிட்டி’ எனப்படும் அனுப்புநர் அடையாளத்தையும் இணைத்துக் காட்டும். செல்லும்வழியாகிய ‘எஸ்எம்டிபி’ தனியே நிற்கும். இன்ன வழியாற் செல்க என்னும் குறிப்பு அடையாளத்தின்பால் இருக்கும். பல கணக்குகள் ஒரே செல்லும்வழியைப் பகிர்ந்து கொள்ளலாமாதலின் அது தனியே நிறுத்தப்பட்டது. கணக்கொன்றை அழித்தபின்னும் அதன் செல்லும்வழி பட்டியலில் எஞ்சி நிற்பதற்குக் காரணமும் இதுவே.

பாட்டனார் சுவடியில் கணக்குகளின் பட்டியல் ‘அக்கவுண்ட்2, அக்கவுண்ட்3’ என்றிருந்தது. முதலாவது எங்கே என்று தோழர் திகைத்தார். அஃது இணைய இணைப்புத் தந்த பழைய நிறுவனமொன்று அளித்த முகவரிக்குரியது. சில ஆண்டுகட்கு முன் அந்நிறுவனம் அஞ்சற்பணியை நிறுத்திவிட, அக்கணக்கு நீக்கப்பட்டது. நீக்கிய எண்ணைச் செயலி மற்றொன்றுக்கு வழங்குவதில்லை. இறுதியாக வழங்கிய எண்ணை ‘லாஸ்ட்கீ’ என்னும் பதிவிற் குறித்து வைத்துக்கொண்டு மேலெண்ணையே வழங்கும். புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைத்தில. கிடைக்காமை பற்றிப் பின்வரும் பாட்டுகளின் எண்ணைக் குறைத்தார் உளரோ? குறைத்திருப்பின் பழைய உரைகளிலும் மேற்கோள்களிலும் சுட்டிய எண்கள் யாவும் பிழைபட்டிருக்கும். இங்கும் அதுவே. பிற வரிகள் எண்ணைக் கொண்டே ஒன்றையொன்று சுட்டுகின்றமையால், இடைவெளியை நிரப்புதல் கேட்டுக்கு வழியாகும்.

மூன்றாங் கணக்கு ‘சர்வர்3’ ஐயும் ‘ஐடி2’ ஐயும் சுட்டிற்று. மூன்றுக்கு இரண்டு பொருந்துமோ எனின், பொருந்தும். இடையிலுள்ள இரண்டாங் கணக்குக்கு அடையாளமே இல்லை. அது கடிதம் எழுதுவதில்லை. அக்கணக்கே நம் ‘நோபடி’யின் இல்லம்.

அவ்வில்லத்திற்கு ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்று பெயர். நம் கணினியிலேயே உள்ள அடுக்கறைகள் என்பது பொருள். வெளியிலுள்ள எவ்வஞ்சலகத்தோடும் அதற்குத் தொடர்பில்லை. அதனால் அதன் வகை ‘நன்’, அஃதாவது ‘ஒன்றுமன்று’, எனக் குறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் செயலிக்குள் ஒவ்வோர் அடுக்கறையும் ‘இன்னார்@இன்ன இடம்/இன்ன அறை’ என்னும் ஒரே வாய்பாட்டாற் சுட்டப்படும். இடம் உண்டு, அறை உண்டு, ஆள் இல்லை என்னுமிடத்து அவ்வாய்பாடு வெற்றிடத்தை ஏலாது. ஆகவே ‘ஒருவருமிலர்’ என்பதையே ஆளின் பெயராக இட்டு நிரப்பினர். இடையில் வரும் ‘%20’ வெற்றிடைவெளியின் குறி. இத்தகைய சுட்டுகளில் இடைவெளி விடலாகாமையின் அவ்வாறு எழுதுவர். ‘%40’ எனக் காணின் அது ‘@’ என்பதன் குறியென்க. யவனர் காப்பியமாகிய ஒடிசியில், ஒற்றைக்கண் அரக்கனிடம் ஒடிசியூஸ் தன் பெயர் ‘ஒருவனுமில்லை’ என்று சொல்லித் தப்புகின்றான். அதனை ஆங்கில வகுப்பிற் படித்த நாளில் இத்துணைப் பயன் தருமென யாம் கருதவில்லை. “தாத்தா, உங்கள் கடிதங்களின் படியைப் பெறுபவர் ஒருவருமில்லை” என்று யாம் சொன்னபோது, பாட்டனார் அதனை இருபொருளிலும் சுவைத்துச் சிரித்தார்.

அன்று தோழர் ‘நோபடி’யை அழித்திருப்பின் நேர்ந்திருக்கக் கூடியதை எண்ணின் நடுக்கமே எழுகின்றது. ‘சர்வர்3’ இன் கீழ் ‘டிஃபர்டு_டு_அக்கவுண்ட்’ என்றொரு பதிவும், அதற்கு நேரே ‘அக்கவுண்ட்2’ என்பதும் இருந்தன. இவ்வழியாக வரும் கடிதங்களைத் தன்பால் வைக்காது இரண்டாங் கணக்கின் அறையிற் சேர்க்க என்பது அதன் கருத்து. எனவே பாட்டனாருக்குப் பல்லாண்டாக வந்த கடிதங்கள் யாவும் ‘நோபடி’யின் இல்லத்திலேயே இருந்தன. பழைய நிறுவனம் மறைந்தமையால் அவற்றுட் பலவற்றுக்கு வேறிடத்துப் படியும் இல்லை. பதிவுகளை மட்டும் நீக்கியிருப்பின் கடிதங்கள் கண்ணுக்கு மறைந்திருக்கும். கோப்புறையையே நீக்கியிருப்பின் ஒழிந்தே போயிருக்கும்.

அக்கோப்புறையுள்ளும் ஒரு மயக்கம் உண்டு. ‘இன்பாக்ஸ்’ என வாலில்லாத கோப்பு ஒன்று, ‘இன்பாக்ஸ்.எம்எஸ்எஃப்’ என வாலுடையது ஒன்று. வாலில்லாததைக் கண்டோர் குறைபட்ட குப்பையென நினைப்பர். கடிதங்கள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பியிருப்பது அதனுள்ளேதான்! வாலுடையது பொருளடக்கம் போல்வது. அது கெட்டால் செயலி மீண்டும் ஆக்கிக்கொள்ளும்.

எண்களாய் நிற்கும் பதிவுகளை விரைந்து கூறிச் செல்வோம். ‘சாக்கெட்டைப்’ என்பதற்கு நேரே 3 எனின் வழி தொடக்கமுதலே மறைகாப்புடையது. 2 எனின் திறந்த வழியிற் பேசத் தொடங்கிப் பின் மறைகாப்புக்கு மாறுவது. 0 எனின் காப்பே இல்லாதது, அதனை உடனே மாற்றுதல் வேண்டும். ‘ஆத்மெத்தட்’ 3 எனின் கடவுச்சொல்லால் நுழைவது. 10 எனின் கடவுச்சொல்லைச் செயலியிடம் கொடாமல், அஞ்சற்பணியாளர் தரும் இசைவுச்சீட்டால் நுழைவது. கூகுள் நிறுவனத்தார் 2022 ஆம் ஆண்டு மே 30 முதல் தனியார் கணக்குகளுக்கு வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொண்டு இத்தகைய செயலிகள் நுழைவதை நிறுத்தினர். அவர்பாற் கணக்குடையோர் சுவடியில் 10 இருத்தல் இயல்பே. 17 என்று தொடங்கும் பத்திலக்க எண்களைக் கண்டு யாரும் தொலைபேசி எண்ணென மயங்க வேண்டா. 1970 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கிக் கடந்த நொடிகளின் தொகை அவை; 1700000000 என்பது இந்திய நேரப்படி 2023 நவம்பர் 15 வைகறையைக் குறிக்கும். ‘ஸ்டேஷனரி_ஃபோல்டர்’ என்பது எழுதுபொருட் கடையன்று. மாதிரிக் கடிதங்களை வைக்கும் அறையின் பழம்பெயர். ‘எஃப்சிசி_ஃபோல்டர்’ என்பது அனுப்பியவற்றின் படி வைக்கும் அறை. பாட்டனாரை அச்சுறுத்திய வரி இதற்குரியதே.

அங்ஙனமாயின் ஐயுறத்தக்க பதிவு ஒன்றேனும் இல்லையோ எனின், உண்டு. அடையாளத்தின்கீழ் ‘டூபிசிசி’ என்பது மெய்யென நின்று, ‘டூபிசிசிலிஸ்ட்’ என்பதன் நேரே நாமறியா முகவரி இருக்குமாயின், நாம் எழுதும் ஒவ்வொரு கடிதமும் பெறுநர் அறியாவண்ணம் அம்முகவரிக்கும் செல்லும். பாட்டனார் சுவடியில் அப்பதிவே இல்லை. இல்லாமையும் ஒரு விடையே. இயல்பான நிலையினின்று மாறியவற்றை மட்டுமே செயலி ‘பிரெஃப்ஸ்.ஜேஎஸ்’ கோப்பில் எழுதி வைக்கும்.

ஆனால் அதனருகே ‘மெயில்.ஐடென்டிட்டி.ஐடி2.ரிப்ளை_டு’ என்றொரு வரி இருந்தது. விடைக்கடிதம் எம்முகவரிக்கு வரவேண்டும் என்பதைக் கூறும் வரி அது. அதன் நேரே நின்றது மறைந்துபோன நிறுவனத்தின் பழைய முகவரி! நேர்ந்தது இது: புதிய முகவரியைத் தொடங்கிய நாளில், பலரும் அறிந்தது பழையதே என்றெண்ணி, விடைகள் அங்கே வருமாறு பாட்டனார் அமைத்திருந்தார். பின்னர்ப் பழைய கணக்கு நீங்கிற்று. அவ்வொரு வரி மட்டும் நீங்காது நின்றது. மக்கள் தாமாகவே புதிய முகவரிக்கு எழுதியமையால் அவர் கடிதங்கள் வந்தன. ‘விடையளி’ என்பதை அழுத்தி எழுதிய பிறர் கடிதங்களோ, பெறுவாரின்றி மீண்டிருக்க வேண்டும். பழைய மாணவர் மூவர் தம்மை மறந்துவிட்டனர் என்று அவர் ஈராண்டாக வருந்தி வந்ததைத் தோழரின் பாட்டியார் அப்போதுதான் எமக்குச் சொன்னார். பாட்டனார் ஒன்றும் பேசவில்லை. அவ்வரியை இருமுறை படித்தார். யாம் கணக்கு அமைப்புப் பக்கத்திற் சென்று, விடைமுகவரிக் கட்டத்தை வெறுமையாக்கினோம். செயலி இயங்கும்போது கோப்பைத் திறந்து கையால் திருத்துதல் பயனற்றது. மூடும்போது தன் நினைவிலுள்ளதையே அது மீண்டும் எழுதிவிடும் என்று அக்கோப்பின் தலைப்பிலேயே எச்சரித்துள்ளனர்.

மாற்றும் பணி அதன்பின் எளிதாயிற்று. செயலியை மூடிவிட்டுப் பயனர் சுவடி முழுவதையும் படியெடுத்தல் வேண்டும். பொறுக்கி எடுத்தல் ஆகாது, கடவுச்சொற்கள் ‘லாகின்ஸ்.ஜேசன்’ என்னும் கோப்பிலும் அவற்றைத் திறக்கும் சாவி ‘கீ4.டிபி’ என்னும் கோப்பிலும் உள்ளமையால், ஒன்றை விட்டால் மற்றது பயன்படாது. சுவடியின் பெயர் பொருளற்ற எட்டெழுத்தும் புள்ளியுமாக இருக்கும். தீயோர் அதன் இருப்பிடத்தை எளிதில் ஊகித்தல் கூடாதென்றே அவ்வாறு இட்டனர். ‘டிஃபால்ட்’ என்றும் ‘டிஃபால்ட்-ரிலீஸ்’ என்றும் முடியும் இரண்டு இருப்பின், ‘மெயில்’ என்னும் உட்கோப்புறையின் அளவை நோக்கினால் எது மெய்யானதென விளங்கும். புதிய கணினியில் ‘டைரக்டரி’ என்னும் பதிவு இன்னும் பழைய கணினியின் பாதையையே காட்டிற்று. தோழர் மீண்டும் வெருண்டார். அருகிலுள்ள ‘டைரக்டரி-ரெல்’ என்பது ‘[ப்ராஃப்டி]’ என்று தொடங்கிற்று. ‘இச்சுவடி எங்கிருப்பினும் அங்கே’ என்பது அதன் பொருள். செயலி முதலில் நோக்குவது அதனையே. பழம்பாதை ஊறு செய்வதில்லை.

அன்று மாலை புதிய கணினியிற் கடிதங்கள் வரிசையாகத் தோன்றின. “நோபடியும் வந்து சேர்ந்தானா?” என்று பாட்டனார் கேட்டார். வந்து சேர்ந்ததைக் காட்டினோம். இரவு உணவுக்குப்பின் அவர் தனியே அமர்ந்து மூன்று கடிதங்கள் எழுதினார். யாம் கல்லூரிக்குத் திரும்பிய வாரத்தில் தோழருக்கு அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மூவருள் இருவர் விடை எழுதியிருந்தனராம். மூன்றாமவர் முகவரியை விசாரித்துக் கொண்டிருக்கின்றார்.